சின்னச் சக்கரத்தில் நெடும்பயணம்

(குன்றத்தூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார்: “சின்னச் சக்கர சைக்கிள்னா, என் பேரன் தெருவுல ஓட்டுறானே, அதுங்களா?” ஏறக்குறைய அதுதான் ஐயா. ஆனால் அந்த அளவுச் சக்கரத்தில் பேரன் மட்டுமல்ல, நீங்களும் காஞ்சிபுரம் வரை போய் வரலாம் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் ஊரில் சக்கரத்தின் அளவை வயதோடு முடிச்சுப் போட்டுவிட்டோம். வாடகை சைக்கிள் கடை இருந்த காலத்தில் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி, முழு வண்டி என்று வரிசையாக நிற்கும். மீசை அரும்பும்போது முழு வண்டிக்கு வந்துவிட வேண்டும். கால் எட்டாதவன்கூட அரை வண்டி எடுக்க வெட்கப்பட்டு, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடிப்பான். ராசி அழகப்பனின் கதையை வைத்து 2024இல் ‘குரங்கு பெடல்’ என்று படமே வந்தது. பெரிய சக்கரம் என்றால் பெரிய மனிதன் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. இந்த எண்ணத்துக்கும் இயந்திரவியலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எங்கே பேசினாலும் முதல் கேள்வி ஒன்றுதான். சக்கரம் சின்னதென்றால் காலை ஓயாமல் சுற்ற வேண்டாமா?

வேண்டாம். கணக்குப் போட்டே பார்ப்போம். நம் கறுப்பு முழு வண்டியின் சக்கரம் 28 அங்குலம். அது ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்றுச் சுற்றும், வண்டி 5.4 மீட்டர் போகும். இப்போது 20 அங்குலச் சக்கரத்துக்கு வருவோம். ஒரு சுற்றுக்கு அது 1.55 மீட்டர்தான் போகும். ஆனால் முன்னால் 52 பல், பின்னால் 15 பல் என்று மாற்றிவிடுங்கள். ஒரு மிதிக்கு அதே 5.4 மீட்டர்! காலுக்கு வித்தியாசமே தெரியாது. கூடுதலாகச் சுற்றுவது சக்கரமும் அதன் பேரிங்கும்தான். தெருவில் சிறுவன் காலைப் படபடவென்று சுற்றுகிறானே என்றால், அவன் வண்டியில் குழந்தைக்கான பல் கணக்கை வைத்து விற்றிருக்கிறார்கள். பழியைச் சக்கரத்தின் தலையில் போடக் கூடாது.

இரண்டாவது கேள்விதான் நியாயமான கேள்வி. பள்ளம் வந்தால் என்ன ஆகும்? மழைக்குப் பிறகு நம் ரோட்டில் ஓட்டியவர்கள் கேட்கிற கேள்வி இது. இதற்கும் கணக்கு இருக்கிறது. 20 சென்டிமீட்டர் அகலப் பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். 28 அங்குலச் சக்கரம் அதில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கும். 20 அங்குலச் சக்கரம் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இறங்கும். வித்தியாசம் முக்கால் சென்டிமீட்டருக்குள்தான். ஆனால் முதுகுக்கு அது தெரியும். மேடு ஏறும்போதும் சின்னச் சக்கரம் கொஞ்சம் செங்குத்தாகத்தான் ஏறும். போதாததற்கு, ஒரே காற்றழுத்தத்தில் சின்ன டயர் ரோட்டைத் தொடுகிற இடத்தில் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடங்கலில் உங்கள் உழைப்பு கொஞ்சம் சூடாக வீணாகும். இவையெல்லாம் உண்மையான குறைகள். இந்தக் குறைகளை ஒருவர் எப்படித் தீர்த்தார் என்பதுதான் சின்னச் சக்கரத்தின் வரலாறே.

அவர் பெயர் அலெக்ஸ் மோல்டன். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன் என்ற சிற்றூர்க்காரர், 1920இல் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்டீபன் மோல்டன், அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்திய ரப்பரின் மாதிரிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர். 1848இல் அந்த ஊரிலேயே ரப்பர் ஆலை தொடங்கியவர். ஆக, அலெக்ஸுக்கு ரப்பர் பரம்பரைத் தொழில். 1959இல் வந்த மினி காரை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், வெறும் 10 அங்குலச் சக்கரத்தைப் போட்டார். சக்கரம் சின்னதானால் அது அடைக்கிற இடம் மிச்சம். அந்த இடம் உள்ளே உட்காருகிறவர்களுக்கு. ஆனால் 10 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் தூக்கிப் போடுமே? அதற்கு உலோக வில்லுக்குப் பதிலாக ரப்பர் கூம்பை வைத்து சஸ்பென்ஷன் செய்து கொடுத்தவர் மோல்டன்.

இதற்கு நடுவில் 1956இல் சூயஸ் நெருக்கடி. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. மோல்டனும் சைக்கிளில் ஏறினார். ஏறியவர், எழுபது வருஷமாக இந்த வண்டியின் உருவம் ஏன் மாறவே இல்லை என்று யோசித்தார். காரில் செய்த அதே யோசனையை சைக்கிளில் செய்தால் என்ன? சக்கரத்தைச் சிறிதாக்கினால், அதற்கு மேலே முன்னும் பின்னும் சாமான் வைக்க இடம் கிடைக்கும். பாரைக் கீழே இறக்கிவிடலாம். புடவையோ பாவாடையோ கட்டினவர்களும் காலைத் தூக்காமல் ஏறலாம். சீட்டையும் ஹேண்டில்பாரையும் ஏற்றி இறக்கினால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே வண்டி போதும். பள்ளத்துக்கு ரப்பர் இருக்கிறது. டயர் மடங்குகிற பிரச்சினைக்கு, ஒல்லியான டயரில் காற்றழுத்தத்தை ஏற்றிவிட்டார்.

இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு அந்த நாட்டின் மிகப் பெரிய சைக்கிள் கம்பெனியான ராலேயிடம் போனார். அவர்கள் முதலில் ஆர்வம் காட்டினார்கள், பிறகு வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்று வந்து சேருகிறது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனிதான் முருகப்பா குடும்பத்தாரோடு கூட்டுச் சேர்ந்து, 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. நம் அம்பத்தூர் தொழிற்சாலை அதுதான். ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று நம் அப்பாக்கள் பெருமையாகச் சொன்ன பெயரெல்லாம் அந்த வழியில் வந்தவை. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கைக்குத்தான் 1960இல் ராலேயும் போனது. மோல்டனின் சைக்கிள் உருவான காலத்தில் பிரிட்டிஷ் சைக்கிள் தொழிலின் பெரும்பகுதி ஒரே குடும்பம். அதன் ஒரு கிளை அம்பத்தூரில். அங்கே எந்த வடிவம் தயாரிப்புக்கு வருகிறது என்பது இங்கே நாம் எதை ஓட்டப்போகிறோம் என்பதையும் பாதித்த காலம் அது. நமக்கு வந்து சேர்ந்தது 28 அங்குலக் கறுப்பு வண்டிதான்.

ராலே கைவிட்டதும் மோல்டன் தன் வீட்டு வளாகத்திலேயே தொழிற்சாலை கட்டினார். 1962 நவம்பரில் லண்டன் கண்காட்சியில் 16 அங்குலச் சக்கர சைக்கிளை வைத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர் பொம்மை என்றுகூட நினைத்திருக்கலாம். அடுத்த மாதமே ஜான் உட்பர்ன் என்ற பந்தய வீரர் அந்த வண்டியில் கார்டிஃபிலிருந்து லண்டன் வரை சுமார் 260 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குள் மிதித்து, அந்தத் தடத்தின் சாதனையை முறியடித்தார். டிசம்பர் குளிரில்! அதற்குப் பிறகு அதைப் பொம்மை என்று சொல்வது கடினமானது. சில வருஷங்களில் மோல்டனின் கம்பெனி அந்த நாட்டின் இரண்டாவது பெரிய சைக்கிள் ஃப்ரேம் தயாரிப்பாளர் ஆகிவிட்டது.

ராலே சும்மா இருக்குமா? 1965இல் தானும் ஒரு 16 அங்குல வண்டியை இறக்கியது. ஆர்.எஸ்.டபிள்யூ. 16 என்று பெயர். பார்க்க அழகான வண்டி. ஆனால் சஸ்பென்ஷனுக்குப் பதிலாகக் குண்டு டயரில் காற்றைக் குறைத்து விட்டார்கள். பள்ளத்தில் மெத்தென்று இருந்தது, மிதித்தால் நகரவில்லை. விளம்பர பலத்தில் விற்றது. என்னைக் கேட்டால், சின்னச் சக்கரத்துக்கு இந்த வண்டி செய்த கெடுதலை வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு நல்ல யோசனையில் வெளியே தெரிகிற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே உழைக்கிற பாதியை விட்டுவிட்டார்கள். “சின்னச் சக்கரம் ஓடாது” என்று ஒரு தலைமுறையே முடிவுகட்டிவிட்டது. 1967இல் ராலே மோல்டனின் சைக்கிள் தொழிலையே விலைக்கு வாங்கியது. 1974இல் அந்தத் தயாரிப்பும் நின்றது.

மோல்டன் விடவில்லை. 1983இல் மெல்லிய குழாய்களைப் பாலத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரி இணைத்து, 17 அங்குலச் சக்கரத்தோடு புதிய வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டாகக் கழற்றலாம். அந்த வரிசை வண்டி ஒன்றுக்குக் காற்றைக் கிழிக்கும் கூடு மாட்டி, 1986இல் கனடாவின் வான்கூவரில் ஜிம் குளோவர் மணிக்கு 82 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓட்டினார். படுத்துக்கொண்டு அல்ல, நாம் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து. மோல்டன் 2012 டிசம்பரில் காலமானார்.

பிரான்சில் மோல்டனுக்கு முன்பே ஒருவர் சின்னச் சக்கரத்துக்காக வாதாடியிருந்தார். பால் தெ விவி என்பது அவர் பெயர். வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். நூறு வருஷத்துக்கு முன்னால், 50 சென்டிமீட்டர் சக்கரத்தில் தடித்த டயர் போட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, பெரிய சக்கரத்துக்கு இது இளைத்ததல்ல என்று எழுதினார். யாரும் காது கொடுக்கவில்லை.

சரி, வேகம் இருக்கட்டும். நெடுந்தூரம் போகிறவனுக்கு இதில் என்ன லாபம்?

முதலில் சாமான். 1923இல் பம்பாயிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய பார்ஸி இளைஞர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பஸோலா, ருஸ்தம் பும்கரா மூவரும் 1928இல் ஊர் திரும்பினார்கள். அவர்கள் காலத்துப் படங்களைப் பாருங்கள்: பெரிய சக்கரம், அதற்கும் மேலே கேரியர், அதற்கும் மேலே மூட்டை. பாரம் உயரத்தில் இருந்தால் வண்டி ஆடும், நிறுத்தினால் சாயும். 20 அங்குல வண்டியில் கேரியரே ஏறக்குறைய முட்டி உயரத்தில்தான் இருக்கும். அரிசி மூட்டையைத் தலையில் வைத்து நடப்பதற்கும் இடுப்பில் கட்டி நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அடுத்தது சக்கரத்தின் உறுதி. ஸ்போக் கம்பி குட்டையாக இருந்தால் சக்கரம் பக்கவாட்டில் வளைவது குறையும். ரோட்டோரக் கடையில் வீல் பெண்ட் எடுக்க உட்காருகிற நேரம் மிச்சம். முழு வண்டியில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போய்ப் பின் சக்கரம் எட்டுப் போட்டு நின்றவர்கள் இந்த அவையில் நிச்சயம் இருப்பீர்கள்.

இதையெல்லாம் விடப் பெரியது, வண்டியைச் சுருட்டிக்கொண்டு வேறொரு வண்டியில் ஏறிவிடலாம் என்பது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் நகரத்தில் ஷோல்ஸ் சகோதரர்கள் 1992இல் பைக் ஃப்ரைடே என்ற பயண சைக்கிளைத் தொடங்கினார்கள். 20 அங்குலச் சக்கரம். பிரித்தால் விமானத்தில் போடுகிற சூட்கேஸுக்குள் அடங்கும். லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி 1970களில் உருவாக்கிய பிராம்ப்டன் 16 அங்குலம். மூன்றாக மடங்கும். அதன் பின்பக்கத்தில் அதிர்ச்சி தாங்குவதும் ஒரு ரப்பர் கட்டைதான், கவனியுங்கள். நம் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிற சிங்கப்பூரில் 2016இல் எம்.ஆர்.டி. ரயிலிலும் பஸ்ஸிலும் மடக்கு சைக்கிளை எந்த நேரத்திலும் ஏற்றலாம் என்று முதலில் சோதனையாக விட்டு, அந்த வருஷக் கடைசியிலேயே நிரந்தரமாக்கினார்கள். மடக்கினால் 120, 70, 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இங்கே இதை வைத்து ஒரு பயணம் போட்டுக் காட்டுகிறேன். சேக்கிழார் பிறந்த இந்த ஊரிலிருந்து விடியற்காலையில் கிளம்புங்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி, ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். மறுநாள் உத்திரமேரூர், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை நின்று பாருங்கள். அங்கிருந்து செங்கல்பட்டு. வெயில் ஏறிவிட்டதா? முழு வண்டி என்றால் மீதி தூரத்தையும் லாரிகளுக்கு நடுவே மிதித்தாக வேண்டும். மடக்கு வண்டி என்றால் உறையில் போட்டு, கூட்டமில்லாத புறநகர் ரயிலாகப் பார்த்து ஏறிப் பல்லாவரத்தில் இறங்கலாம். போகும்போது மிதித்து, வரும்போது ரயிலேறும் இந்த வசதி ஒன்றுக்காகவே நான் சின்னச் சக்கரத்துக்கு ஓட்டுப் போடுவேன். ஒரே எச்சரிக்கை: வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். கன்டெய்னர் லாரிக்கு உங்கள் சக்கரம் பெரிதா சின்னதா என்பது முக்கியமில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டயரும் ரிம்மும் அதிகச் சுற்றுச் சுற்றுவதால் சீக்கிரம் தேயும். மலையிறக்கத்தில் ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால், சின்ன ரிம் சீக்கிரம் சூடேறும். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையில் சாமானோடு இறங்குகிறவர்கள் நடுநடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் கவலை குறைவு. ஹேண்டில் கொஞ்சம் துறுதுறுவென்று இருக்கும். ஒரு கையை விட்டு பீடி பற்றவைக்கிற வித்தையெல்லாம் இதில் வேண்டாம்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொள்ளப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் வண்டியிலேயே ஏறி ஓட்டினார்கள். பிற்பாடு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. அதிலும் ஆண்பிள்ளைக்கு ஒன்று, பெண்பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு வடிவம். நாலே முக்கால் அடிப் பிள்ளைக்கும் ஐந்தே முக்கால் அடிப் பிள்ளைக்கும் அதே உயர ஃப்ரேம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் அதே வண்டியை அம்மா ரேஷன் கடைக்கு எடுக்கிற வீடுகள் எத்தனை! சீட்டை ஏற்றி இறக்கி, பார் இல்லாமல், வீட்டில் எல்லாரும் ஓட்டக்கூடிய வடிவம் 1962இலேயே உலகத்தில் இருந்தது. அது நம் டெண்டர் காகிதத்துக்கு வந்து சேரவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

அம்பத்தூர்க்காரர்கள் முயலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பி.எஸ்.ஏ. பெயரில் ஃபோல்ட்மேன் என்று ஒரு மடக்கு சைக்கிள் கடைக்கு வந்தது. ஆனால் மடக்கு சைக்கிள் வேறு, பயண சைக்கிள் வேறு. மடங்கினால் மட்டும் போதாது. நாலு நாள் சாமானைத் தாங்க வேண்டும், பள்ளத்தைத் தாங்க வேண்டும்.

இதைக் குன்றத்தூரில் நின்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சின்னச் சக்கரம் ஓடுவதற்கு வேண்டியது மூன்று: நல்ல டயர், நல்ல ரப்பர், சுத்தமான வெல்டிங். இந்த வட்டாரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரகடத்தில் அப்போலோ டயர்ஸ், ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. டயர். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹுண்டாய் கார் வெளிவருகிறது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை வந்தது, 2013 முதல் அங்கேயே ராயல் என்ஃபீல்டு. இவர்களுக்கு உதிரிபாகம் செய்கிற சிறு பட்டறைகள் தெருவுக்குத் தெரு. ரப்பர் புஷ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், எத்தனை லட்சம் முறை அமுங்கி எழுந்தால் வெடிக்கும் என்று சோதித்துப் பார்க்கிற வேலையைத் தினமும் செய்கிற பிள்ளைகள் இந்த அவையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். மோல்டன் கையில் இருந்த சரக்கு இதுதான். அவர் காருக்கு ரப்பர் செய்துவிட்டு, மாலையில் அதே அறிவோடு சைக்கிளைப் பார்த்தார். நீங்கள் காருக்குச் செய்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறீர்கள்.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள் வருஷக் கடைசியில் புராஜெக்ட் என்று எதையாவது விலைக்கு வாங்கி ஒப்பேற்றுவதைவிட, ஒரு 20 அங்குலப் பயண சைக்கிளைச் செய்து பாருங்கள். பின்பக்கம் ஒரு ரப்பர் கட்டை, கீழே இறங்கிய பார், முன்னும் பின்னும் ஃப்ரேமிலேயே பொருத்திய கேரியர். பட்டறை முதலாளிகள் வெல்டிங் மேடையைச் சில ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் அவர்களுக்கு விட்டுக் கொடுங்கள். இது நான் உங்களிடம் வைக்கிற வேண்டுகோள்.

செய்ய முடியாதவர்கள், வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்கள், ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். 20 அங்குலம் என்று விற்பதிலேயே குறைந்தது இரண்டு அளவு இருக்கிறது. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 406 என்று இருந்தால் எடுங்கள். பிள்ளைகள் சைக்கிள் விற்கிற எந்த ஊரிலும் அதற்கு டயரும் டியூபும் கிடைக்கும். 451 என்று இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். உத்திரமேரூரில் டயர் வெடித்தால் மாற்று டயருக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.